முதற் கமரா: எதைத் தேர்ந்துகொள்வது?

ஊவா நாட்டிற் பிறந்தவருக்குக் காட்சிக்குப் பஞ்சமில்லை. 2036 மீற்றர் உயரத்தில் நமுனுகுல மலை முகிலைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு நிற்கின்றது. பதுளைக்கு அருகே 64 மீற்றர் உயரத்திலிருந்து துன்ஹிந்த அருவி வீழ்கின்றது. தெமோதரைக்கும் எல்லைக்கும் இடையில், 1921ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் தேயிலைப் பசுமையின் நடுவே நிமிர்ந்து நிற்கின்றது. அப்புத்தளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும், விடியற்காலையிற் பெரட்டுக் களத்திலிருந்து கூடையைச் சுமந்து மலையேறும் மக்களின் வரிசை நாள்தோறும் காணக் கிடைக்கும் ஓவியமாகும்.

இவற்றையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கருவி வேண்டுமென்ற ஆசை இளைஞர் நெஞ்சில் முளைப்பது இயல்பே. கைத்தொலைபேசியிற் படமெடுத்துப் பழகிய மாணவர் சிறிது காலத்தில், “இது போதவில்லை; நல்ல கமரா ஒன்று வாங்க வேண்டும்; எதை வாங்கலாம்?” என்று கேட்கத் தொடங்குகின்றனர். பெற்றோரோ, “இத்தனை பணத்தைக் கொட்டி அது எதற்கு?” என்கின்றனர். இரு வினாக்களும் நியாயமானவையே. இரண்டுக்கும் விடை தேடுவோம். பெற்றோர் வினாவை முதலில் எடுத்துக்கொள்வதே முறை.

கருவி யார் கையில் இருந்தது?

மலைநாட்டுக்குக் கமரா புதிதன்று. 1860களிலிருந்து கொழும்பில் ஸ்கீன் நிறுவனத்தாரும், 1870களிற் கண்டியில் ஸ்கோவன் என்பவரும், 1890 முதல் பிளாட்டே நிறுவனத்தாரும் தோட்டங்களையும் தொழிலாளரையும் படமெடுத்து விற்றனர். கோப்பியும் தேயிலையும் கப்பலேறிய அதே வழியில் நம் பாட்டன் பாட்டியரின் உருவங்களும் அஞ்சலட்டைகளாகக் கடல் கடந்தன. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து அப்புத்தளையில் தம்பத்தென்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவத்தைத் தம் விளம்பரங்களில் உலகெங்கும் பரப்பினார். அப்பெண்ணின் முகத்தை உலகம் கண்டது. பெயரை எவரும் கேட்கவில்லை.

மாணவர் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. வரலாற்றுப் பாடத்திற் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தைப் படிக்கின்றோமன்றோ? அந்தக் கமரனுடைய மனைவியே ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 1863 டிசெம்பரில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. அதற்குப் பின் கற்றுக்கொண்டே, அந்நூற்றாண்டின் தலைசிறந்த முகப்பட வல்லுநருள் ஒருவராக விளங்கினார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, இங்கும் தொழிலாளரையும் குடியானவரையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உயிர் நீத்த அவருடைய உடல் பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. நாற்பத்தெட்டு வயதில் முதற் கமராவைத் தொட்டவர் உலகப் புகழ் பெற்றாரெனில், காலம் கடந்துவிட்டது என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆயினும் அவர் இலங்கையில் எடுத்த படங்களைக் காணும்போது ஒரு குறை நெஞ்சை உறுத்துகின்றது. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர்கள் உண்டு: கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின் என்று அடையாளம் சொல்லலாம். இலங்கையில் எடுத்தவற்றிலோ, “களுத்துறைக் குடியானவர்” என்பது போன்ற பொதுப் பெயரே எஞ்சியுள்ளது. கருவி நம் கையில் இல்லாதபோது, நம் முகம் பிறருடைய ஏட்டிற் பெயரின்றிப் பதிவாகும். கருவி நம் கைக்கு வரும்போதுதான் முகத்தோடு பெயரும் சேரும்.

குடும்பத்தின் ஒரே படம்

தோட்டத்து லயத்துக் காம்பிராவிற் குடும்பப் படம் என்பது நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்தது. பதுளை நகருக்கோ பண்டாரவளைக்கோ சென்று ஸ்டூடியோவிற் படமெடுப்பது ஒரு நாட்சம்பளத்தை இழப்பதாகும். 1964ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. கப்பலேறியவர்க்கெல்லாம் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு முகப்படம் வேண்டும். ஆசைக்காக எடுக்காத படத்தை அரசாங்கத்துக்காக எடுத்த மக்கள் நாம். பிரிந்துபோன உறவினரின் முகம் அந்தச் சிறு சதுரத்தில் மட்டுமே எஞ்சிய குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன.

எடுத்த படமும் நிலைப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் பதுளை மாவட்டமெங்கும் மண்சரிவுகள் நேர்ந்தன. வீடு போனாற் சுவரில் மாட்டிய படமும் போகும். இழந்தவர் முகத்தைப் பார்த்து அழுவதற்கேனும் ஒரு படம் வேண்டாமா?

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வரலாறு தொடங்கி 200 ஆண்டுகள் நிறைவுற்றதைப் பல இடங்களில் நினைவு கூர்ந்தோம். அந்த இருநூறு ஆண்டுகளின் பெரும் பகுதிக்கு நாமே எடுத்த படச் சான்று இல்லை. இனிவரும் ஆண்டுகளுக்கு அக்குறை வரலாகாது. “அது எதற்கு?” என்னும் பெற்றோருக்கு இதுவே விடை.

விலையும் நாட்சம்பளமும்

எதற்கு என்பது விளங்கிய பின்னும், எவ்வளவு என்னும் வினா எஞ்சி நிற்கும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஓர் இலட்சம் ரூபா விலையுள்ள கமராவை இந்தக் கணக்கிற் பார்த்தால், அது 74 நாட் சம்பளமாகும். கிழமைக்கு ஆறு நாள் வேலை கிடைத்தாலும் பன்னிரண்டு கிழமைக்கு மேல் ஒரு தாய் குளிரிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்தின் விலையாகும். சம்பளம் சற்று உயர்ந்தாலும் இக்கணக்கின் சாரம் மாறாது. ஆகவே மலையக மாணவன் கமரா வாங்குவது, வசதி படைத்த நகரத்து இளைஞன் வாங்குவதைப் போன்றதன்று. விளம்பரத்தை நம்பியோ நண்பன் வைத்திருப்பதைப் பார்த்தோ வாங்கலாகாது. ஒவ்வோர் உறுப்பும் எதற்கென்று அறிந்தே வாங்க வேண்டும்.

கருவியின் உட்பொருள்

கமரா என்பது, சுருங்கக் கூறின், ஒளி புகாத பெட்டி. முன்னால் ஒரு வில்லை. பின்னால் ஒளியை வாங்கிப் பதியும் ஒரு பரப்பு. 1900ஆம் ஆண்டில் ஒரு டொலர் விலைக்கு வந்த கோடாக் பிரௌனிப் பெட்டிக்கும், 1925இல் ஜெர்மனியில் ஒஸ்கார் பார்னாக் உருவாக்கி விற்பனைக்கு வந்த லைக்காவுக்கும், இன்றைய மின்னியற் கமராவுக்கும் இவ்விதி ஒன்றே. முன்பு பிலிம் சுருள் இருந்த இடத்தில் இன்று உணரி எனப்படும் மின்னணுத் தகடு இருக்கின்றது.

ஒளியை அளந்து விடுவதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது, வில்லையினுள்ளே சுருங்கி விரியும் துவாரம். நம் கண்ணின் மணி இருளில் விரிவது போன்றது அது. அதன் அளவை எஃப் 1.8, எஃப் 5.6 என்று எண்ணாற் குறிப்பர். எண் சிறிதானால் துவாரம் பெரிது என்பதை மனங்கொள்க. இரண்டாவது, ஷட்டர் திறந்து மூடும் நேரம். ஓடும் பிள்ளையை அசைவின்றிப் பிடிக்க ஒரு விநாடியை ஐந்நூறாகப் பகுத்த ஒரு பகுதி போதும். அருவி நீரைப் பட்டிழை போற் காட்ட வேண்டுமாயின் அரை விநாடியேனும் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்வுத்திறன். அதைக் கூட்டினால் மங்கிய ஒளியிலும் படம் எடுக்கலாம். ஆனால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் படத்தில் தோன்றும். இம்மூன்றையும் தன் கையாலே மாற்றிப் பழகுபவனே புகைப்படக் கலையைக் கற்பவன். நாம் வாங்கும் முதற் கமரா இம்மூன்றையும் மாற்ற இடந்தரல் வேண்டும். இஃது இன்றியமையாத முதல் விதி.

அடுத்தது உணரியின் பரப்பு. பெரிய கமராக்களின் முழு உணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. தொடக்கத்தில் வாங்கத் தக்க கமராக்கள் பலவற்றில் உள்ளது ஏறக்குறைய 23.5க்கு 15.6 மில்லிமீற்றர். சாதாரணக் கைத்தொலைபேசிகள் பலவற்றில் அஃது ஆறு மில்லிமீற்றர் நீளமளவே. அகன்ற பாத்திரம் மழைநீரை மிகுதியாக ஏந்துவது போல, அகன்ற உணரி ஒளியை மிகுதியாக ஏந்தும். மங்கல் வெளிச்சத்திற் கமரா கைத்தொலைபேசியை வெல்வதன் காரணம் இதுவே.

மெகாபிக்சல் என்னும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 12 அங்குலம் நீளமும் 8 அங்குலம் அகலமும் உள்ள அழகிய அச்சுப் படத்துக்கு ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். 24 இருப்பின் சுவரை நிறைக்கும் படமே போடலாம். அதற்கு மேலுள்ள எண்ணுக்குத் தொடக்கக்காரர் பணம் கொடுப்பது வீண்.

எதை வாங்கலாம்?

முதலில் ஓர் அறிவுரை: கையிலுள்ள தொலைபேசியில் ஆறு மாதம் முறையாகப் பழகுக. ஒரே பொருளைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க. ஒளியின் போக்கு விளங்காதவனுக்கு எந்தக் கமராவும் உதவாது. அந்த ஆறு மாதத்தின் பின்னும் ஆசை குறையாவிடின், அஃது உண்மையான ஆசையே.

அடுத்து, இன்று சந்தையில் இரு வகைக் கருவிகள் உள. ஒன்று, உள்ளே கண்ணாடி மடிந்தெழும் பழைய முறைக் கமரா, டி.எஸ்.எல்.ஆர். என்பர். மற்றையது, கண்ணாடியில்லாப் புதுமுறைக் கமரா. பெரிய நிறுவனங்கள் இன்று புதுமுறைக்கே முதலிடம் தருகின்றன. ஆதலாற் பழைய முறைக் கருவிகள் ஒரு கையில் இருந்தவை மலிவாகக் கிடைக்கின்றன. பணம் குறைந்த மாணவனுக்கு இது நற்காலமே. கெனன் 200டி (2017), நிக்கொன் டி3500 (2018) போன்றவை தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். டி3500 ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 1550 படங்கள் எடுக்கும் என்று அளந்துள்ளனர். புதுமுறைக் கமராக்கள் பல சில நூறு படங்களிலேயே சோர்ந்து விடுகின்றன. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் தோட்டப் புறத்தில் இது சிறிய நன்மையன்று. புதுமுறைக் கமராவுக்கும் சிறப்பு உண்டு: எடை குறைவு, எடுக்கப்போகும் படம் எப்படி அமையும் என்பதை முன்னரே திரையிற் காட்டும், முகத்தையும் கண்ணையும் தானே தேடிக் குவிக்கும். பணம் இருப்பவர் அதனையே நாடலாம்.

உடலைவிட வில்லைக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது இக்கலையிற் பழகியோர் கூறும் பொது விதி. கமராவோடு சேர்ந்து வரும் 18–55 மில்லிமீற்றர் வில்லை வெளியிற் படமெடுக்க நல்லதே. ஆயின் லயத்துக் காம்பிராவின் உள்ளே, ஒற்றை விளக்கொளியில், அடுப்படியில் அமர்ந்திருக்கும் அப்பத்தாவைப் படமெடுக்க அது திணறும். அங்கே எஃப் 1.8 துவாரமுடைய 35 அல்லது 50 மில்லிமீற்றர் வில்லை கைகொடுக்கும். எஃப் 5.6இல் நுழையும் ஒளியைவிட எஃப் 1.8இல் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி நுழையும். முன்னதில் ஆறில் ஒரு விநாடி தேவைப்படும் படத்துக்குப் பின்னதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு விநாடியே போதும். முன்னதிற் படம் கலங்கும்; பின்னதிற் கை நடுங்கினாலும் தப்பலாம். மாசி, பங்குனி மாதங்களில் இரவிரவாக நடக்கும் காமன் கூத்துக்கும் இதே வில்லைதான் துணை. நிக்கொன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க: டி3500 போன்ற சிறு கமராக்களின் உடலிற் குவிக்கும் மோட்டார் இல்லை. பழைய வகை வில்லைகளை மலிவென்று வாங்கினால் கையாலேயே குவிக்க நேரும்.

தொலைநோக்கு வில்லை, விலையுயர்ந்த பை, வடிகட்டிகள் முதலியவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். உறுதியான முக்காலி ஒன்றும், உதிரி மின்கலம் ஒன்றும், நினைவட்டைகள் இரண்டும் முதலிலேயே வேண்டும்.

ஒரு கையில் இருந்ததை வாங்கும்போது

ஒருவர் பயன்படுத்திய கமராவை வாங்குவதில் இழிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதிலேதான் இழிவுண்டு. நேரிற் கண்டு, கீழ்வருவனவற்றைச் சோதித்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

வில்லையைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் ஒளியைச் செலுத்தி மறுபக்கத்திலிருந்து பார்க்க. சிலந்தி வலையைப் போன்ற மெல்லிய இழைகள் தென்படின், அது பூஞ்சணம். அந்த வில்லையைத் தொடவேண்டாம். துவாரத்தை முழுவதும் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ படமெடுத்துப் பெருக்கிப் பார்க்க. கரும்புள்ளிகள் பல தோன்றின் உணரியில் அழுக்கு உண்டு. அது துடைத்தால் நீங்குவது. கீறல் நீங்காது. ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேட்க. நிக்கொன் கமராவில், எடுத்த படத்தின் கோப்பிலேயே இவ்வெண் பதிந்திருக்கும். சிறு கமராக்களின் ஷட்டர் ஓர் இலட்சம் முறை அளவுக்கே அமைக்கப்படுவது வழக்கம். மின்கலம் உப்பியிருக்கின்றதா, மின்னேற்றி உண்டா, வாங்கிய பற்றுச்சீட்டு உண்டா என்பவற்றையும் பார்க்க. பற்றுச்சீட்டு இல்லாத பொருள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் வாங்காமலே திரும்புவது நன்று.

மூடுபனியும் பூஞ்சணமும்

ஊவாவின் காலநிலை கமராவுக்கு நண்பனுமாகும், பகைவனுமாகும். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவ மழையும் மூடுபனியும். ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும் அக்காற்றே. மழைக் காலத்து ஈரம் வில்லையிற் பூஞ்சணத்தை வளர்க்கும். ஈரப்பதன் 60 சதவீதத்தை மீறிய இடத்தில் வில்லையை மாதக்கணக்கில் மூடி வைத்தல் ஆகாது. தோலுறையில் வைத்து அலுமாரியிற் பூட்டி வைப்பதே மிகக் கேடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியொன்றில், நிறம் மாறும் சிலிக்காக் குருணைப் பையுடன் வைத்து, 40 முதல் 50 சதவீதம் வரை ஈரப்பதன் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பது பயனற்றது. அதன் தூசி கருவிக்குள் நுழையும். வாரம் ஒரு முறையேனும் வெளியில் எடுத்துப் பயன்படுத்துவதே சிறந்த மருந்து.

குளிரிலிருந்து ஆவி பறக்கும் அடுப்படிக்குள் நுழைந்தால் வில்லையில் நீர் படியும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே வைத்து, பின்னர் திறக்க. கச்சான் காற்றுக் காலத்தில் வெளியில் நின்று வில்லை மாற்ற வேண்டாம். தூசி உணரியில் அமரும்.

மூடுபனியைப் படமெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதும். வெண்பனியையும் சாம்பலாக்கிவிடும், வெளிறிய வானத்தின் முன் நிற்கும் கரிய முகத்தை இருளாக்கிவிடும். ஒளியை ஒரு படி கூட்டி எடுத்தாற் பனி பனியாகத் தெரியும். முகமும் முகமாகத் தெரியும். இதில் வரலாறும் கலந்துள்ளது. கோடாக் நிறுவனம் நிறப் படங்களை அச்சிடும் நிலையங்களுக்கு அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டையில் இருந்தது வெண்ணிறப் பெண்ணொருத்தியின் முகம். அம்முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டனர். கறுத்த மேனியர் பன்னெடுங்காலம் படங்களில் இருண்டு தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அந்த அளவுகோல் நம் கையில் இருக்கின்றது. நம்மவர் முகத்துக்கு ஏற்ப ஒளியை அளப்பது நம் கடமையாகும்.

எதைப் படமெடுப்பது? எப்படி?

இலங்கைப் புகைப்படக் கலைக்கு முன்னோடியாக விளங்கிய லயனல் வென்ட் (1900–1944) சட்டம் பயின்றவர், பியானோ வல்லுநர். 1930களின் தொடக்கத்திலேதான் கமராவை முனைந்து கையில் எடுத்தார். ரோலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய இரண்டையுமே பெரிதும் பயன்படுத்தினார். சில கருவிகளை ஆழமாக அறிந்தால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு அவர் சான்று.

தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு சான்று. மதுரைப் பக்கத்துப் பழனிக்குமார், மீன் விற்று வாழ்ந்த தாயின் மகன், பொறியியல் படித்தவர். துப்புரவுத் தொழிலாளரையும் மீனவரையும் படமெடுத்து, ‘பாரி’ எனப்படும் கிராமிய இந்திய மக்கள் ஆவணகத்தில் வெளியிட்டு வருபவர். தாமே உழைக்கும் குடும்பத்திலிருந்து வந்தமையால், அவர் படங்களிலே தொழிலாளர் காட்சிப் பொருளாக நிற்பதில்லை. பெயரும் வீடும் கதையும் உள்ளவராக நிற்கின்றனர். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இக்கலையை அவர் கற்றுக்கொடுத்து வருகின்றார். ஊவாவின் இளைஞருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமா?

படமெடுக்கும் ஒழுங்கும் கருவியைப் போன்றே முக்கியமானது. கொழுந்து பறிப்பவருக்கு நிறுவையே கூலி. அவரை நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் பத்து நிமிடம் கடத்தினால், அந்தப் பத்து நிமிடக் கொழுந்தை யார் ஈடு செய்வார்? முதலில் அனுமதி கேட்க; வேலை முடிந்த பின் எடுக்க; எடுத்த படத்தை அச்சிட்டு அவர் கையிற் கொடுக்க. நீங்கள் அச்சிட்டுக் கொடுக்கும் படம் அவர் வீட்டுச் சுவரில் முதன்முதலாக ஏறும் படமாக இருக்கலாம். கோயிலிற் கருவறையைப் படமெடுத்தல் மரபன்று. ஆடிவேல் விழாவிற் கதிர்காமத்துக்குக் கமராவோடு செல்வோர், வழிபடும் அடியார் முகத்தில் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சாதிருத்தல் வேண்டும். தெமோதரைப் பாலத்திலும் தண்டவாளத்திலும் நின்று படமெடுக்கும் துணிச்சல் வீரமன்று, அறியாமையே.

எடுத்த படத்தைக் காப்பதும் கலையின் ஒரு பகுதி. ஒரு படி வீட்டில், ஒரு படி வேறூரிலுள்ள உறவினர் வீட்டில், ஒரு படி இணையக் களஞ்சியத்தில் என மூன்று இடங்களில் வைக்க. மலை சரிந்தாலும் மூன்றும் ஒருங்கே அழியா. சிறந்த படங்களைக் காகிதத்திலும் அச்சிடுக. பின்புறத்திற் பெயர், உறவு, தோட்டம், பிரிவு, நாள் ஆகியவற்றை எழுதுக. அஞ்சலட்டைக்காரர் எழுதாது விட்டதை நாம் எழுதுவோம்.

பெற்றோர்களே, பிள்ளை கமரா கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். எதை எடுக்கப் போகின்றாய் என்று கேளுங்கள். தெளிவான விடை வருமாயின், வருவாய்க்கு ஏற்ற எளிய கருவியை வாங்கிக் கொடுங்கள். பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் பொதுவாக ஒரு கமராவை வாங்கி, பத்து மாணவர் முறைவைத்துப் பழகச் செய்யலாம். 74 நாட்சம்பளம் அப்போது பத்துக் குடும்பங்களின் மீது பகிர்ந்து விழும். ஒரு தாயின் தோளை மட்டும் அழுத்தாது.

மாணவர்களே, எந்தக் கமரா கிடைத்தாலும் முதல் வேலை ஒன்றே. உங்கள் வீட்டில் மூத்தவர் எவரோ, அவரைச் சன்னல் வெளிச்சத்தில் அமர்த்தி, அமைதியாக ஒரு படம் எடுங்கள். அவர் எந்தத் தோட்டத்திற் பிறந்தார், எந்த மலையில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அருவியும் பாலமும் நாளையும் அங்கேயே இருக்கும். அவர் இருக்கும்போதே எடுக்க வேண்டிய படம் அது.